ஒரே மருந்து, மூன்று மாத்திரைகள்: இரைப்பையில் தங்கும் ஆன்டிபயாடிக் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

இரைப்பையில் தங்கி மருந்தை மெல்ல விடும் மாத்திரைகள் குறித்து வரும் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி முடிகின்றன. மாத்திரை முகவையில் 12 மணி நேரம் மிதந்தது, மருந்து சீராக வெளியேறியது, எனவே உருவாக்கம் வெற்றி. முகவையில் மிதப்பது வேறு, மனித வயிற்றில் தங்குவது வேறு. இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பார்க்க சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. ஒரே மருந்து, 'நாளுக்கு ஒரு வேளை' என்ற ஒரே இலக்கு, ஆனால் மூன்று நிறுவனங்கள் மூன்று வழிகளில் போயின. ரான்பாக்ஸி மாத்திரையை மிதக்கவிட்டது. பேயர் இரண்டு அடுக்காக அழுத்தியது; இரைப்பையில் தங்கவைக்க முயலவே இல்லை. டெப்போமெட் வீங்கவைத்தது. மூன்றுமே சந்தை வரை வந்தன.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மாத்திரையைத் தங்கவைப்பதில், நீரில் வீங்கிக் கூழாகும் துணைப்பொருளான பாலிமருக்கு எவ்வளவு பங்கு உண்டோ, 'சாப்பாட்டுடன் சாப்பிடவும்' என்ற வரிக்கும் அவ்வளவு பங்கு உண்டு. உணவைக் கணக்கில் எடுக்காத இரைப்பைத் தங்கல் ஆய்வு அரைகுறை ஆய்வுதான்.

மருந்தின் இயல்பு

சிப்ரோஃப்ளாக்சசினுக்கு ஒரு அமிலப் பகுதியும் ஒரு காரப் பகுதியும் உண்டு. அவை அயனியாகும் பி.எச். அளவைக் காட்டும் மாறிலிகள் (pKa) ஏறத்தாழ 6.1, 8.7. இதன் விளைவு, இரைப்பையின் அமிலத்தில் நன்றாகக் கரையும், நடுநிலைக்குப் பக்கத்தில் கரைதிறன் அடிமட்டத்துக்கு வந்துவிடும். சிறுகுடலின் கீழ்ப்பகுதி இருப்பது அந்த நடுநிலைக்குப் பக்கத்தில்தான்.

அடுத்தது உறிஞ்சல். வாய்வழி கொடுத்தால் ஏறத்தாழ 70 சதவீதம் ரத்தத்துக்கு வரும். அதில் பெரும்பங்கு முன்சிறுகுடலிலும் அதையடுத்த பகுதியிலும் உறிஞ்சப்படுவது. பெருங்குடலில் உறிஞ்சல் மிகவும் குறைவு. மாத்திரையோ பொடியோ திரவமோ, சிறுகுடலைக் கடக்க எடுக்கும் நேரம் பொதுவாக 3 முதல் 4 மணி. அதாவது, மருந்தை 12 மணி நேரம் சீராக விடும் சாதாரண மாத்திரையைச் செய்தால், அது இரைப்பையை விட்டுக் கிளம்பிய நான்கு மணி நேரத்தில் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மீதி மருந்து அங்கே வெளியேறும், ஆனால் ரத்தத்துக்கு வராது. குடல் நுண்ணுயிர்களின் மேல்தான் விழும். ஆன்டிபயாடிக் விஷயத்தில் இது வீணாவது மட்டுமல்ல, தீங்கும்கூட. வயிற்றுப்போக்கு, குடல் நுண்ணுயிர்ச் சமநிலைக் குலைவு, எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமிகள் தேர்ந்தெடுக்கப்படுவது எல்லாம் அங்கேதான் நடக்கிறது. மற்ற மருந்துகளுக்கு இல்லாத இந்தக் காரணம் ஆன்டிபயாடிக்குக்கு மட்டும் உண்டு என்பதால் இரைப்பைத் தங்கல் இங்கே எனக்குக் கூடுதல் முக்கியமாகப் படுகிறது.

அரைவாழ்வு, அதாவது ரத்தத்திலுள்ள மருந்து பாதியாகக் குறையும் நேரம், ஏறத்தாழ 4 மணி. எனவேதான் சாதாரண மாத்திரையை நாளுக்கு இரண்டு முறை தருகிறார்கள். ஒரு முறையாக்க வேண்டுமானால், ஒன்று மாத்திரை மேல்குடலுக்கு முன்னாலேயே காத்திருக்க வேண்டும், அல்லது மருந்து முழுதும் மேல்குடலுக்குள்ளேயே வெளியேறி முடிய வேண்டும். மூன்று நிறுவனங்களும் பிரிந்தது இந்த இடத்தில்தான்.

வயிற்றின் இரண்டு முகங்கள்

வெறும் வயிற்றில் இரைப்பை ஒரு சுழற்சியில் இயங்குகிறது. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, சில நிமிடங்கள் நீடிக்கும் பலமான சுருக்க அலை ஒன்று எழும். செரிக்காமல் கிடக்கும் எதையும் அது சிறுகுடலுக்குத் தள்ளிவிடும். அந்த நேரத்தில் பைலோரஸ், அதாவது இரைப்பை சிறுகுடலுக்குத் திறக்கும் வாய், நன்றாகத் திறந்திருக்கும். சராசரியாக 12 முதல் 13 மி.மீ. விட்டம் என்று அளந்திருக்கிறார்கள், ஆளுக்கு ஆள் வேறுபாடும் அதிகம். வெறும் வயிற்றில் விழுங்கிய மாத்திரை அந்தச் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் போய் விழுகிறது என்பது யார் கையிலும் இல்லை. அலைக்குச் சற்று முன் விழுந்தால் கால் மணி நேரத்தில் வெளியே. சுழற்சி தொடங்கும்போது விழுந்தால் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும்.

சாப்பிட்ட வயிறு முற்றிலும் வேறு. சுழற்சி நின்றுவிடும். உணவை அரைத்து, ஏறத்தாழ 2 மி.மீ.க்குக் கீழே வந்த துகள்களை மட்டும் விடும். பெரிய திடப்பொருள் பின்னால் தங்கும். உணவின் கலோரி கூடக்கூட இந்த நிலை நீளும்; கொழுப்பு அதிகமான உணவு இன்னும் நீட்டும். இரைப்பை காலியாகி அடுத்த பெரிய அலை வரும்வரை மாத்திரை உள்ளே இருக்கும்.

இதில் சொல்லியாக வேண்டிய ஒன்று இருக்கிறது. சாப்பிட்ட வயிற்றில் நொறுங்காத எந்தப் பெரிய மாத்திரையும் ஓரளவு தங்கத்தான் செய்யும். மிதக்கும் மாத்திரை கூடுதலாக என்ன செய்கிறது என்று காட்ட வேண்டுமானால், அதே அளவுள்ள மிதக்காத மாத்திரையையும் அதே உணவுடன் கொடுத்து ஒப்பிட்டாக வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டுக் குழு இல்லாத ஆய்வுகளை நான் சந்தேகத்துடன்தான் படிக்கிறேன்.

மிதந்த மாத்திரை

ரான்பாக்ஸியின் வடிவமைப்பு மூன்றில் மிகவும் சுவாரசியமானது. இந்தியாவில் சிஃப்ரான் ஓடி என்ற பெயரில் வந்தது. 1999-ல் பேயர் இந்தத் தொழில்நுட்பத்துக்கு உரிமம் பெற்றது. ஓர் இந்திய நிறுவனத்தின் மருந்து வழங்கு முறையைப் பன்னாட்டு நிறுவனம் உரிமம் பெற்றதாக அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. 2001-ல் வெளியான அமெரிக்கக் காப்புரிமையில் இதன் உள்கட்டு விளக்கப்பட்டிருக்கிறது.

அதிலுள்ள ஒரு கலவையில் மருந்து ஏறத்தாழ 70 சதவீதம். சோடியம் பைகார்பனேட் 14 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. குறுக்கிணைப்புள்ள பாலிவினைல் பைரோலிடோன் 12 சதவீதம். சாந்தன் பிசின் ஒரு சதவீதம், சோடியம் அல்ஜினேட் அரை சதவீதத்துக்கும் குறைவு. இந்தப் பட்டியலைப் பார்க்கும் உருவாக்கக்காரர் ஒரு கணம் நிற்பார். குறுக்கிணைப்புள்ள பாலிவினைல் பைரோலிடோனை மாத்திரையை வேகமாக உடைக்கத்தானே போடுவோம்? மெல்ல விட வேண்டிய மாத்திரையில் அதை 12 சதவீதம் வைப்பதும், கூழாகும் பாலிமரை ஒன்றரை சதவீதத்துக்குள் அடக்குவதும் பாடநூலுக்கு நேர் எதிர்.

காரணம் அளவு. ஆன்டிபயாடிக் என்றாலே மி.கி. கணக்கு பெரிதாக இருக்கும். 1,000 மி.கி. மருந்தை ஒரே மாத்திரையில் அடைக்க வேண்டும். ஹைட்ரோகுளோரைடு உப்பாக எடுத்தால் அதுவே ஏறத்தாழ 1,164 மி.கி. ஆகிவிடும், உப்பாகாத மூல வடிவமாக எடுத்தால் 1,000-த்தில் நிற்கும். வழக்கமான முறையில் எச்பிஎம்சி என்ற கூழாகும் பாலிமரை 30 சதவீதம் சேர்த்து, வாயுவுக்குப் பைகார்பனேட்டும் சேர்த்தால் விழுங்க முடியாத கட்டி ஒன்று கையில் இருக்கும். மேலே சொன்ன விகிதத்தில் மொத்த எடை 1,430 மி.கி. பக்கம் வரும். பெரிய மாத்திரைதான், ஆனால் விழுங்கலாம். உடைக்கும் பொருள் நீரை உள்ளே இழுத்து மாத்திரையை உப்பவைக்கிறது. சாந்தனும் அல்ஜினேட்டும் உடனே ஒட்டும் கூழாகி, உப்பியதை உதிராமல் பிடிக்கின்றன. பைகார்பனேட்டும் அமிலமும் சேர்ந்து உண்டாகும் கரியமில வாயு அந்தக் கூழுக்குள் மாட்டி, துளைகள் நிறைந்த, இரைப்பை நீரைவிட எடை குறைந்த ஒரு பொதியாக்குகிறது. அழகான சிந்தனை.

இப்போது அமிலத்தின் கணக்கு. இதை அதிகம் பேர் போட்டுப் பார்ப்பதில்லை. மேற்படி மாத்திரையில் பைகார்பனேட் ஏறத்தாழ 196 மி.கி., அதாவது 2.3 மில்லிமோல். முழுதும் வினைபுரிந்தால் உடல் வெப்பத்தில் 60 மி.லி.க்கு அருகில் வாயு வரும். மிதக்கத் தாராளமாகப் போதும். அதற்கு 2.3 மில்லிமோல் அமிலம் வேண்டும். மருந்தும் மூல வடிவத்தில் இருப்பதால் அது உப்பாகிக் கரைய இன்னொரு 3 மில்லிமோல் அமிலம் கேட்கும். மொத்தம் 5 மில்லிமோலுக்கு மேல். ஆய்வகத்தில் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 900 மி.லி. எடுக்கிறோமே, அதில் இருப்பது 90 மில்லிமோல். தேவையைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல். வெறும் வயிற்றில் இருக்கும் நீர் சில பத்து மி.லி. மட்டுமே, பி.எச். ஒன்றரை என்று வைத்துக்கொண்டாலும் அதிலுள்ள அமிலம் தொடக்கத்தில் ஒரு மில்லிமோல் அளவுதான். சுரப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும் என்பது உண்மை, சாப்பிட்டால் பல மடங்கு கூடும் என்பதும் உண்மை. ஆனால் முகவையில் 'அரை நிமிடத்தில் மிதந்தது' என்று பதிவாகும் எண்ணுக்கு வெறும் வயிற்றில் பொருளே இல்லை. ஒமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மருந்து சாப்பிடுபவரிடம் நிலைமை இன்னும் மோசமாகும்.

மிதக்கும் மாத்திரையின் இன்னொரு பலவீனம் உடல் நிலை. நிமிர்ந்திருக்கும்போது மிதக்கும் பொதி பைலோரஸை விட்டு மேலே நிற்கும். அது நமக்குச் சாதகம். மல்லாந்து படுத்தால் அந்தச் சாதகம் போய்விடும், சில நேரம் தலைகீழாகவும் ஆகும். ஆகவே இரவு படுக்கப் போகுமுன் மிதக்கும் மாத்திரையைத் தருவது நல்ல யோசனை அல்ல.

வாயுவுக்குக் கால்சியம் கார்பனேட்டைப் பயன்படுத்தலாமா என்றால், இந்த மருந்துக்குக் கூடாது. ஃப்ளூரோகுயினலோன்களும் (சிப்ரோஃப்ளாக்சசின் இந்த வகை) டெட்ராசைக்ளின்களும் கால்சியம், மெக்னீசியம், அலுமினியம் அயனிகளைப் பற்றிக்கொண்டு உறிஞ்ச முடியாத சேர்மமாகிவிடும். அந்த அயனிகளை மாத்திரைக்குள்ளேயே வைத்து விற்பது பெரும் பிழை.

தங்கவே முயலாத மாத்திரை

பேயரின் சிப்ரோ எக்ஸ்ஆர் 500 மி.கி. மாத்திரையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2002 டிசம்பரில் அனுமதித்தது, 1,000 மி.கி. 2003-ல் வந்தது. இரண்டு அடுக்கு. மருந்தில் 35 சதவீதம் உடனே வெளியாகும் அடுக்கில், மீதி 65 சதவீதம் மெல்ல விடும் அடுக்கில். மருந்தின் உப்பு வடிவம், மூல வடிவம் இரண்டும் உண்டு. துணைப்பொருள்களில் சக்சினிக் அமிலமும் இருக்கிறது. அதை நான் புரிந்துகொள்வது இப்படி: மாத்திரை சிறுகுடலுக்குப் போய்விட்டாலும், உள்ளே கரையும் அந்த அமிலம் சுற்றுப்புறத்தைப் புளிப்பாகவே வைத்திருக்கும், நடுநிலைச் சூழலில் மருந்து கரையாமல் முடங்குவதைத் தடுக்கும்.

ஆக, இவர்கள் இரைப்பையுடன் மல்லுக்கு நிற்கவில்லை. 24 மணி நேரம் விடும் ஆசையை விட்டுவிட்டு, மேல்குடலைத் தாண்டுவதற்குள் மருந்தைக் கொடுத்து முடிப்பது என்று முடிவெடுத்தார்கள். உணவுடனும் சாப்பிடலாம், உணவில்லாமலும் சாப்பிடலாம். பெயரில் 'நீடித்த' என்று இருந்தாலும் உச்ச செறிவு ஓரிரு மணி நேரத்திலேயே வந்துவிடுகிறது. 1,000 மி.கி. ஒரு வேளைக்கு உச்சம் மி.லி.க்கு 3.1 மைக்ரோகிராம், சாதாரண 500 மி.கி. மாத்திரை இரண்டு வேளைக்கு 2.1. ஒரு நாளுக்கான வளைகோட்டுப் பரப்பு, அதாவது உடல் மருந்தைச் சந்தித்த மொத்த அளவு, இரண்டிலும் ஏறத்தாழ 17.

இந்த எண்களை ஃப்ளூரோகுயினலோன் கிருமியைக் கொல்லும் முறையுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த வகை மருந்தில் பலனைத் தீர்மானிப்பது செறிவு. கிருமியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்சச் செறிவுடன் ஒப்பிட்ட பரப்பும் உச்சமும்தான் கணக்கு. பரப்பு மாறவில்லை, உச்சம் கூடியிருக்கிறது. செறிவு சார்ந்து கொல்லும் மருந்துக்கு இது நல்ல வடிவம். தட்டையான, நாள் முழுதும் ஒரே மட்டத்தில் ஓடும் கோடு கண்ணுக்கு அழகாக இருக்கலாம், ஃப்ளூரோகுயினலோனுக்கு அது தேவையே இல்லை. அரைகுறைச் செறிவில் நீண்ட நேரம் இருப்பது எதிர்ப்புத் திறன் கொண்ட கிருமிகளைத் தேர்ந்தெடுக்கும் என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. 'பூஜ்ய வரிசை வெளியீடு கிடைத்தது', அதாவது மருந்து நேரம் முழுதும் ஒரே வேகத்தில் வந்தது என்று மகிழும் கட்டுரைகள் பல இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

வீங்கிய மாத்திரை

டெப்போமெட்டின் புரோகுயின் எக்ஸ்ஆர், 500 மி.கி., 2005-ல் அனுமதி பெற்றது. பயன்பாடு, சிக்கலற்ற சிறுநீர்ப்பை அழற்சிக்கு மூன்று நாள். அதே நிறுவனத்தின் அக்யூஃபார்ம் என்ற வீங்கும் பாலிமர் முறை. மெட்ஃபார்மின், கபபென்டின் மாத்திரைகளுக்கும் பின்னர் பயன்பட்டது. நீர் பட்டதும் மாத்திரை வீங்கி, சாப்பிட்ட வயிறு வெளியே விடாத அளவுக்குப் பெரிதாகும். அமிலம் தேவையில்லை, வாயு தேவையில்லை, நிமிர்ந்திருக்கிறாரா படுத்திருக்கிறாரா என்ற கவலையும் குறைவு. மருந்து கரைந்தும், பாலிமர் அரிபட்டும் மெல்ல வெளியாகும். கரைசலாக மேல்குடலுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதன் விலை உணவு. நாளின் முக்கிய உணவுடன், முடிந்தால் இரவு உணவுடன் சாப்பிட வேண்டும் என்பது அறிவுறுத்தல். வெறும் வயிற்றில் கொடுத்தால் கிடைக்கும் மருந்து வெகுவாகக் குறைந்துவிடும். வீங்க நேரம் வேண்டும், அதற்குள் பெரிய அலை வந்து தள்ளிவிட்டால் கதை முடிந்தது. வேறு சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரைக்குப் பதிலாக இதை மாற்றித் தரக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். உச்சம் தாழ்வாக, பல மணி நேரம் தள்ளி வருகிறது. அதனால் குமட்டல் குறையும் என்பது நிறுவனத்தின் முக்கிய வாதம். சிறுநீரில் சிப்ரோஃப்ளாக்சசின் மிக அதிகச் செறிவில் சேரும் என்பதால் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இந்தத் தாழ்ந்த உச்சம் போதும். நுரையீரலுக்கோ எலும்புக்கோ இதே மாத்திரையைக் கொண்டுபோக முடியாது. நோயைக் குறுக்கிக்கொண்டதால்தான் இந்த வடிவமைப்பு நியாயமானது. அந்தத் தேர்வை நான் மதிக்கிறேன்.

மூன்றில் எது சிறந்தது என்று கேட்டால், சிப்ரோஃப்ளாக்சசினுக்கு என் வாக்கு பேயரின் வழிக்கு. நோயாளி சாப்பிட்டாரா இல்லையா என்பதைச் சார்ந்திராத மாத்திரை, காய்ச்சலில் பசியற்றுக் கிடப்பவருக்குப் பாதுகாப்பானது. தொற்று நோயாளியிடம் 'வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள்' என்பது எளிதான கோரிக்கை அல்ல.

அப்புறம் நடந்தது வேறு கதை. ஃப்ளூரோகுயினலோன்களால் தசைநாண், நரம்பு ஆகியவற்றுக்கு வரும் பாதிப்புகளைக் காட்டி, வேறு வழி இருக்கும்போது சிக்கலற்ற சிறுநீர்த் தொற்றுக்கு இவற்றைத் தரக்கூடாது என்று எஃப்டிஏ 2016-ல் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. எந்த நோய்க்காக புரோகுயின் வடிவமைக்கப்பட்டதோ அதே நோய் கைவிட்டுப் போனது.

உண்மையில் யாருக்குத் தேவை? அமாக்சிசிலினுக்கு

இரைப்பைத் தங்கலால் அதிகம் பயனடையக்கூடியது அமாக்சிசிலின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் என்பது என் கருத்து. அது செறிவைப் பார்த்துக் கொல்வதில்லை, நேரத்தைப் பார்த்துக் கொல்கிறது. இரண்டு வேளைகளுக்கு இடையிலான நேரத்தில் ஏறத்தாழ 40 சதவீதமாவது, புரதத்துடன் பிணையாத மருந்தின் செறிவு தடுப்புச் செறிவுக்கு மேல் இருக்க வேண்டும். அரைவாழ்வோ ஒரு மணி நேரம்தான்.

ஒரு கணக்கு. 500 மி.கி. கொடுத்தால் உச்சம் மி.லி.க்கு 7 மைக்ரோகிராம் என்று கொள்வோம். புரதத்தில் ஒட்டியது 20 சதவீதம் போக 5.6. கிருமிக்கான தடுப்புச் செறிவு 2 என்றால், உச்சத்திலிருந்து அங்கே இறங்க ஒன்றரை மணி நேரம். மருந்தை இரட்டிப்பாக்கினால் என்ன கிடைக்கும்? ஒரே ஒரு அரைவாழ்வு, அதாவது இன்னொரு மணி நேரம். நான்கு மடங்காக்கினால் இரண்டு மணி நேரம். அதற்குள் குடல் சுவரில் மருந்தை உறிஞ்சும் கடத்திகளும் நிறைந்து திணறும். அமாக்சிசிலினின் உறிஞ்சல் பெரிய அளவுகளில் விகிதப்படி கூடுவதில்லை. நாளுக்கு ஒரு வேளை என்றால் தேவை ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல். அளவைக் கூட்டி அங்கே போக முடியாது. மேல்குடலுக்கு மெல்ல மெல்ல ஊட்டினால்தான் முடியும். ஏனென்றால் இதுவும் பெருங்குடலில் உறிஞ்சப்படுவதில்லை என்றே சொல்லலாம்.

சந்தைக்கு வந்த முயற்சிகள் இரண்டும் இரைப்பையில் தங்குபவை அல்ல. ஆக்மென்டின் எக்ஸ்ஆர், 2002: இரண்டு அடுக்கு, வேளைக்கு இரண்டு மாத்திரையில் 2,000 மி.கி. அமாக்சிசிலின், 12 மணிக்கு ஒரு முறை, உணவு தொடங்கும்போது. மெல்ல விடும் அடுக்கில் அமாக்சிசிலினின் சோடியம் உப்பு, சாந்தன், சிட்ரிக் அமிலம். உடன் சேரும் துணை மருந்தான கிளாவுலனிக் அமிலம் முழுதும் உடனடி அடுக்கில். மற்றது மோக்ஸாடாக், 775 மி.கி., நாளுக்கு ஒரு முறை, தொண்டை அழற்சிக்கு. ஒரு பங்கு உடனே, இரண்டு பங்கு தாமதமாக, துடிப்பு துடிப்பாக வெளிவிடும். ஏழு நாள் கொடுத்துப் பார்த்த முதல் மூன்றாம் கட்டச் சோதனை 2005-ல் இலக்கை எட்டவில்லை. பத்து நாளாக்கிச் செய்த அடுத்த சோதனை வென்றது. 2008 ஜனவரியில் அனுமதி. மருந்து வெளியேறும் வேகத்தை எவ்வளவு செதுக்கினாலும் சிகிச்சையின் நாள் கணக்கையும் சேர்த்தே வடிவமைக்க வேண்டியிருக்கிறது.

எல்லா ஆன்டிபயாடிக்குக்கும் இது பொருந்தாது என்பதற்கு இரண்டு எதிர் உதாரணங்கள் போதும். கிளாரித்ரோமைசின் குடலின் கீழ்ப்பகுதியிலும் உறிஞ்சப்படுவதால் 2000-ல் வந்த அதன் நீடித்த வடிவத்துக்குச் சாதாரண பாலிமர் மாத்திரையே போதுமாக இருந்தது. அசித்ரோமைசின் இன்னும் ஒரு படி எதிர்த்திசை. 2005-ல் வந்த 2 கிராம் ஒற்றை வேளை நுண்கோள வடிவம், குமட்டலைக் குறைக்க மருந்தை மேல்குடலைத் தாண்டி விடும்படி செய்யப்பட்டது. உயிர்க்கிடைப்பு, அதாவது ரத்தத்துக்கு வரும் மருந்தின் பங்கு, ஓரளவு குறைந்ததை ஏற்றுக்கொண்டார்கள். டாக்சிசைக்ளினை ஒட்டும் பாலிமருடன் சேர்ப்பதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும் மருந்து அது.

இரைப்பையே இலக்காகும்போது

ஹெலிகோபாக்டர் பைலோரி தனி வகை. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான இந்தக் கிருமி இரைப்பையின் சளிப்படலத்துக்கு அடியில் இருக்கிறது. அமாக்சிசிலினை அங்கேயே தங்கவைத்தால் ரத்தம் வழியாகவும் நேரடியாகவும் தாக்கலாம் என்ற எண்ணத்தில் மிதக்கும், ஒட்டும் உருவாக்கங்கள் நிறைய வந்திருக்கின்றன. ஆய்வக அளவில் நம்பிக்கை தருகின்றன. நடைமுறைச் சிக்கல் என்னவென்றால், இந்த நோய்க்கான சிகிச்சை அமிலக் குறைப்பு மருந்துடன்தான் தரப்படுகிறது. அமிலத்தை நம்பி வாயு உண்டாக்கும் மாத்திரையை, அமிலத்தை நிறுத்திவிட்ட வயிற்றுக்குள் போடுகிறோம். 0.1 நார்மல் அமிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு பைலோரிக்கு என்று எழுதுவது சரியாகாது, பி.எச். 4 முதல் 6 வரையும் சோதித்தாக வேண்டும். சிட்ரிக் அமிலத்தை மாத்திரைக்குள்ளேயே வைப்பது ஒரு தீர்வு, இடம்தான் பற்றாக்குறை. கிளாரித்ரோமைசினைத் தங்கவைக்க நினைப்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பி.எச். 2-ல் அது ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பாதியாகச் சிதைந்துவிடும். அமாக்சிசிலின் அதே அமிலத்தில் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஒட்டும் வகைக்குச் சளியே எதிரி: இரைப்பை தன் சளியை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டிருப்பதால், மாத்திரை ஒட்டிய படலமே கழன்று போகும்.

சோதனைகள் பற்றி

இரைப்பையில் தங்கியதைக் காட்ட எக்ஸ்ரேயில் தெரியும்படி பேரியம் சல்ஃபேட் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. அதன் அடர்த்தி நீரைப் போல நான்கரை மடங்கு. மிதக்கும் மாத்திரையில் மருந்துக்குப் பதில் அதைச் சேர்த்தால், சோதிப்பது வேறொரு மாத்திரையை. முயலில் செய்யும் சோதனை அதைவிடத் தவறாக வழிகாட்டும். எவ்வளவு நேரம் பட்டினி போட்டாலும் முயலின் இரைப்பை முழுதாகக் காலியாவதில்லை, அங்கே எதை விட்டாலும் தங்கும். டெக்னீசியம்-99எம் அல்லது இண்டியம்-111 என்ற கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு சேர்த்து, மனிதர்களில் காமா கேமராவால் பார்ப்பதுதான் நம்பத்தக்கது. வெறும் வயிறு, லேசான உணவு, கனமான உணவு மூன்றிலும் செய்து, அதே நேரத்தில் ரத்தச் செறிவையும் எடுத்தால், மாத்திரை எங்கே இருந்தபோது எவ்வளவு மருந்து ரத்தத்துக்கு வந்தது என்று நேரடியாகத் தெரியும்.

மனிதரில் சோதிக்கும் முன் ஆய்வகத்தில் செய்யக்கூடியது: 900 மி.லி.யை விட்டுவிட்டு, 250 மி.லி.க்குள், அமிலத்தின் மொத்த மில்லிமோல் வயிற்றுக்கு நெருக்கமாக இருக்கும்படி ஊடகம் அமைத்து, அமிலத்தை மெல்லச் சொட்டவிட்டு மிதப்பைப் பார்க்கலாம். சில மணி நேரத்துக்குப் பின் பி.எச். 6.8-க்கு மாற்றி, மாத்திரை பாதியில் வயிற்றைவிட்டுப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்கலாம். தங்கல் தோற்கும் நாளில் நோயாளிக்கு எவ்வளவு மருந்து கிடைக்கும் என்ற கேள்விக்கு உருவாக்கக்காரர் பதில் வைத்திருக்க வேண்டும். ஆன்டிபயாடிக்கில் அந்த ஒரு நாள் குறைவு கிருமிக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

மாத்திரை என்ற வடிவத்தையே விட்டுவிட்டவர்களும் உண்டு. காசநோய் மருந்துகளின் கிராம் கணக்கு எந்த மாத்திரைக்கும் அடங்காது என்பதால், அமெரிக்கப் பல்கலைக்கழகமான எம்ஐடியைச் சேர்ந்த குழு ஒன்று 2019-ல் ஒரு மீள்திறன் கம்பிச் சுருளை முன்வைத்தது. மருந்து வில்லைகளைக் கம்பியில் கோத்து, மூக்கு வழிக் குழாய் மூலம் இரைப்பைக்குள் விட்டால் அது சுருண்டு தங்கும். முனையிலுள்ள காந்தத்தைப் பிடித்து வெளியே எடுக்கலாம். பன்றிகளில் டாக்சிசைக்ளினை 28 நாள் வெளிவிட்டுக் காட்டினார்கள். இங்கே உணவும் பைலோரஸின் அளவும் பிரச்சினையே அல்ல. பதிலாக, ஒவ்வாமை தெரிந்த உடனே சுருளை வெளியே எடுக்க வசதியுள்ள மருத்துவ நிலையம் பக்கத்தில் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் காசநோய் மருந்து எடுப்பவர்களில் பலருக்கு அந்த நிலையம்தான் எட்டாத தொலைவில் இருக்கிறது.